பஸ் கண்ணாடியில் எழுதிய பேர்கள்

மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் பிச்சைமணிக்குப் பெருமையும் திணறலும் ஒன்றாக வரும். விஸ்காம் என்ற சொல் அவர் வாயில் நுழையாது. "சினிமாப் படிப்புடே, தென்காசி காலேஜ்ல," என்பார். கேட்டவர் சிரித்தால் தானும் சேர்ந்து சிரித்துக்கொள்வார். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை ஏற்றி இறக்குவது அவர் வேலை. மனைவி காளீஸ்வரி அங்கேயே ஒரு கமிஷன் கடையில் சின்ன வெங்காயத்துக்கு வால் அறுக்கப் போவாள். அந்த வீட்டிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் பொன்செல்விதான்.

அவளுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தேதி எழுதக்கூட டீச்சர் அவளைத்தான் கூப்பிடுவார். அந்த எழுத்தைப் பார்த்துத்தான் ஜெயபிரியா அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டாள். காலேஜ் சேர்ந்த முதல் வாரம், பக்கத்து பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏட்டி, இது நீ எழுதினதா, பிரின்ட் போட்டதா?" என்று கேட்டவள், அன்றே டிபன் பாக்ஸை மாற்றிக்கொண்டாள். ஜெயபிரியாவுக்குச் சொந்த ஊர் சிவகிரி. அப்பா போலீஸ் ஏட்டு, தென்காசிக்கு மாற்றலாகி வந்திருந்தார். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது, ஒத்தைப் பிள்ளை என்ற செல்லம் இருந்தது. வாய் மூடாமல் பேசுவாள். பொன்செல்வி பேசாமல் கேட்பாள். இரண்டு வருஷம் ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தியை யாரும் பார்த்ததில்லை.

இறுதியாண்டில் குழு குழுவாகச் சேர்ந்து, தில்லைநாயகம் சார் மேற்பார்வையில் ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். கதை பொன்செல்வியுடையது. குற்றாலத்தில் சீசன் நேரம், குளிக்கப் போகிறவர்களின் பையையும் செருப்பையும் வாங்கி வைத்துப் பார்த்துக்கொள்வது அவள் சித்திக்குப் பிழைப்பு. ஒருநாள் சாயங்காலம் எல்லாரும் வந்து அவரவர் பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரே ஒரு பை மட்டும் நின்றுவிட்டது. லைட் போட்ட பிறகும் சித்தி எழுந்திருக்கவில்லை. அருவியையும் பையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கடைசியில் ஒரு ஆள் ஓடி வந்து, "மறந்துட்டேன்க்கா," என்று சிரித்தான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அவன் வரும்வரை சித்தி இருந்த இருப்பைப் பொன்செல்வியால் மறக்க முடியவில்லை. அதைச் சொல்லி முடித்தபோது ஜெயபிரியாவின் கண் கலங்கிவிட்டது. "இதாம்ட்டி நம்ம படம்," என்றாள். 'ஒத்தைப் பை' என்று பெயரும் அன்றைக்கே வைத்தாகிவிட்டது.

டைட்டில் பிறந்தது பஸ்ஸில். ஆனி மாதம், சாரல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது. இடம் பார்ப்பதற்காக இருவரும் தென்காசியிலிருந்து குற்றாலம் போனார்கள். பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டதால் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. பொன்செல்வி சும்மா இருக்கமாட்டாமல் அதில் விரலால் 'ஒத்தைப் பை' என்று எழுதினாள். 'ப'வின் அடியிலிருந்து ஒரு துளி திரண்டு மெதுவாகக் கீழே வழிந்தது.

ஜெயபிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அசையாதட்டி! இதுதான் டைட்டில்!"

அப்புறம் அந்த ஒரு நிமிஷ டைட்டிலுக்கு அவர்கள் போட்ட திட்டத்தைச் சொல்லி மாளாது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒவ்வொரு பெயர் விழ வேண்டும். எழுதுகிற ஆளின் முகம் தெரியக் கூடாது, விரல் மட்டும்தான். எழுத்து வழிந்து கலைவதற்குள் அடுத்த ஜன்னலுக்குப் போய்விட வேண்டும். கடைசிப் பெயர் எழுதி முடித்ததும் ஒரு கை வந்து கண்ணாடியைத் துடைக்கும், துடைத்த இடத்தில் மலையும் வெள்ளைக் கோடாக அருவியும் தெரியும். கேன்டீனில் உட்கார்ந்து டீ ஆறிப்போகும்வரை பேசுவார்கள். யார் பெயர் எதற்குப் பின்னால் என்பதில் மட்டும் சண்டை வந்தது. அதுவும் ஜெயபிரியா போட்ட சண்டை.

"இயக்கம்னு ரெண்டு பேரு பேரும் போடுவோம். ஆனா உன் பேருதான் மொதல்ல வரணும்."

"எதுக்குட்டி? நீதான எல்லாரையும் வேல வாங்குத."

"கதை உன்னோடது. எழுத்து உன்னோடது. எனக்கு வெக்கம் கெடையாதாக்கும்?"

வகுப்புத் தோழன் மணிமுத்துவிடம் கேமரா இருந்தது. சாரல் நன்றாகப் பிடித்த ஒருநாள் மூவரும் குற்றாலம் பஸ்ஸில் போவதும் வருவதுமாக இருந்து ஒத்திகை பார்த்தார்கள். பொன்செல்வி ஜன்னல் ஜன்னலாக எல்லாப் பெயரையும் எழுத, மணிமுத்து படம் பிடித்தான். தன் பெயரை மட்டும் அழித்துவிட்டு இரண்டாம் தடவை எழுதினாள். கண்டக்டர் வந்து, "கண்ணாடியப் பூரா நாசம் பண்ணுதீங்களே!" என்று சத்தம் போட்டார். விஷயத்தைச் சொன்னதும், "அப்பம் எம்பேரையும் ஒரு ஓரத்துல எழுதும்மா," என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஓணத்துக்கு முந்தின வாரம் பாவூர்சத்திரம் சந்தையில் மூச்சுவிட நேரமிருக்காது. கேரளாவுக்குப் போகிற லாரிகள் வரிசையாக நிற்கும். சேனைக்கிழங்கு மூட்டையோடு லாரிக்குச் சாய்த்துப் போட்ட பலகையில் ஏறிய பிச்சைமணி கால் வழுக்கிக் கீழே விழுந்தார். மூட்டை அவர்மேல் விழுந்தது. இடுப்பெலும்பு போய்விட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாக ஓடி வந்தவள் ஜெயபிரியா. காளீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அதைப் பொன்செல்வி பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். நல்லவள்தான். அதனால்தான் பின்னால் அவள் செய்தது பொன்செல்விக்கு விளங்காமல் போயிற்று.

வீட்டில் ஒரு ஆளின் வருமானம் நின்றால் இன்னொரு ஆள் போக வேண்டும். பொன்செல்வி காலேஜை நிறுத்தினாள். தென்காசியில் ஏசுவடியான் அண்ணாச்சியின் ஃபிளெக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் பேனர் வடிவமைக்க வேண்டும். காலேஜை விட்டு நின்ற அன்று ஜெயபிரியா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"நீ இல்லாம படம் இல்லட்டி. நீ கடையில இருந்தே வசனம் எழுதி அனுப்பு. நா எடுக்கேன். டைட்டில் நம்ம பேசுனபடிதான்."

பொன்செல்வி அனுப்பினாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்புறம் நின்று, வசனங்களை ஒவ்வொன்றாகப் போனில் பேசிப் பதிந்து அனுப்பினாள். பையைக் காக்கிற பெண் எந்த இடத்தில் பேச வேண்டும், எந்த இடத்தில் வாயைத் திறக்கவே கூடாது என்றெல்லாம் சொன்னாள். முதலில் உடனுக்குடன் பதில் வந்தது. அப்புறம் மறுநாள் வந்தது. தை பிறந்த பிறகு, 'ஷூட்ல இருக்கேன்ட்டி, அப்புறம் பேசுதேன்' என்பது மட்டும் வந்தது. வேலை அதிகம்போல என்று பொன்செல்வி நினைத்துக்கொண்டாள். வேறு என்ன நினைப்பாள்?

பங்குனியில் அழைப்பு வந்தது. காலேஜ் அரங்கத்தில் திரையிடல். அதைக் கேட்டதும் பிச்சைமணி கைத்தடியை ஊன்றிக் கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "நானும் வாரேன்."

"பஸ்ல உங்களால நிக்க முடியுமாப்பா?"

"எம்மவ பேரு வெள்ளத்திரையில வருது. நா கட்டில்ல கெடக்கவா?"

பொங்கலுக்கு எடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டார். சந்தையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். அரங்கத்தில் கடைசி வரிசை ஓரத்தில், காலை நீட்டிக்கொள்ள வசதியாக அவரை உட்கார வைத்தாள். முன்வரிசையில் பட்டுப் பாவாடை தாவணியில் இருந்த ஜெயபிரியா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பொன்செல்வி கையை ஆட்டினாள். ஜெயபிரியா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதற்றம்போல என்று பொன்செல்வி நினைத்தாள்.

விளக்கு அணைந்தது. பஸ் இரையும் சத்தம் முதலில் வந்தது. பிறகு ஆவி படிந்த கண்ணாடி. ஒரு விரல் வந்து 'ஒத்தைப் பை' என்று எழுதியது. 'ப'விலிருந்து துளி வழிந்தது. அரங்கமே கை தட்டியது.

பிச்சைமணி அவள் காதருகே குனிந்தார். "ஏட்டி, இது உன் வெரலுல்லா?" ஆள்காட்டி விரலின் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. அம்மாவோடு வெங்காயம் அறுக்கப் போனபோது பட்ட வெட்டு. திரையில் அது ஒரு கோடாகத் தெரிந்தது.

"ஆமாப்பா." அன்றைக்கு எடுத்த ஒத்திகையையே வைத்திருக்கிறார்கள்!

அடுத்த ஜன்னலில் ஒளிப்பதிவு என்று வந்தது. பிச்சைமணி உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "ம... ணி... முத்து." பிறகு இசை. பிறகு நடித்தவர்கள். எல்லாம் அவள் கையெழுத்து. அடுத்தது கதை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஜன்னலில் வந்த விரல் வேறு. ஒல்லியான விரல், நகத்தில் அரக்குச் சாயம். எழுத்துகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. 'கதை, வசனம், இயக்கம் ஜெயபிரியா' என்று எழுதிவிட்டு அந்த விரல் விலகிற்று. ஒரு கை வந்து கண்ணாடியைத் துடைத்தது. அந்தப் பக்கம் மலையும் அருவியும் தெரிந்தன. கேன்டீனில் இருவரும் பேசியபடியே, ஒரு இம்மி பிசகாமல். எல்லாரும் மறுபடி கை தட்டினார்கள். தன் கையும் சேர்ந்து தட்டிக்கொண்டிருப்பதைப் பொன்செல்வி சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தாள்.

"உன் பேரு எப்பம் வரும்?" என்று கேட்டார் பிச்சைமணி.

"கடைசில வரும்பா."

படத்தை அவள் பார்க்கவில்லை. கடைக்குப் பின்னால் நின்று தான் பேசி அனுப்பிய வசனங்களை வேறு யாரோ பேசுவது மட்டும் காதில் விழுந்தது. பக்கத்தில் அப்பா ஒரு இடத்தில் துண்டால் கண்ணைத் துடைத்தார். படம் முடிந்ததும் நன்றி சொல்லி ஆங்கிலத்தில் பெயர்கள் சரசரவென்று மேலே ஓடின. அதிலும் அவள் பெயர் இல்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் திரையைக் காட்டி, "இந்தா போகுதுல்லா, ஆகக் கடைசில, அதான்ப்பா," என்றாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "சரிட்டி," என்றார். கைத்தடியைத் தேடி எடுத்துக்கொண்டார்.

அவரை வெளியே வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனபோது, ஜெயபிரியா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"தில்லைநாயகம் சார்தாம்ட்டி சொன்னாரு. ரோல் நம்பர் இல்லாதவ பேரு படத்துல வந்தா குரூப்புக்கே மார்க் கெடையாதுன்னு. நா கேட்டுப் பாத்தேன். சத்தியமா ஒரு தடவ கேட்டேன்."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லாட்டி?"

"எப்படிச் சொல்லுவேன்? பத்து தடவ போன எடுத்தேன். முடியல."

"பேரு கூடாது, சரி. வெரலு மட்டும் எப்படிக் கூடும்?"

ஜெயபிரியா தலையைக் குனிந்துகொண்டாள். "மறுபடி எடுத்துப் பாத்தோம். அந்த மாரி வரல. உன் எழுத்து மாரி வரவே இல்ல." சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் பொன்செல்வி அவள் தோளைத் தொட்டிருப்பாள். கை அதற்காக எழுந்ததுகூட. ஆனால் அதில் தண்ணீர் பாட்டில் இருந்தது. "அப்பாவுக்கு ரொம்ப நேரம் இருக்க முடியாது. வாரேன்," என்று சொல்லி நடந்தாள். பஸ்ஸில் அப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவளும் மறுபக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் படம் ஒரு போட்டியில் பரிசு வாங்கிற்று. ஜெயபிரியா சென்னையில் உதவி இயக்குநராகச் சேர்ந்தாள். முதலில் அடிக்கடி போன் செய்தாள். பொன்செல்வி எடுக்கவில்லை. ஒருமுறை எடுத்தபோது, "குத்தாலத்துல தண்ணி வருதாட்டி?" என்று கேட்டாள். "வருது," என்றாள் பொன்செல்வி. பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இல்லை. பழைய பேச்செல்லாம் அந்தப் படத்தைச் சுற்றியே இருந்தது. அதைத் தொடாமல் எதைப் பேசுவது? யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியாமலே போன் அணைந்தது. காலேஜுக்குப் பொன்செல்வி திரும்பப் போகவில்லை. யாராவது தென்காசியில் படிப்பு என்ன ஆச்சு என்று கேட்டால், "நின்னுட்டு," என்பாள்.

பிச்சைமணிக்கு இனி மூட்டை தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழகிய கமிஷன் கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, வருகிற சரக்கைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். காலையில் வேலைக்குப் போகிற வழியில் பொன்செல்வி அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவாள். ஒருநாள் தூக்குச்சட்டியோடு போகும்போது, தக்காளிப் பெட்டி அடுக்குக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. கூட மூட்டை சுமந்த பாண்டி எதையோ கேட்டிருக்கிறார் போலும்.

"வந்துச்சான்னு கேக்கியா? மொத பேரே எம்மவ பேருதாம்டே. தமிழ்ல, கண்ணாடியில, இம்மாம் பெரிசா. நா எழுத்துக் கூட்டிப் படிச்சேன்லா."

ஆகக் கடைசியில், ஆங்கிலத்தில் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள்.

பொன்செல்வி பெட்டிகளுக்குப் பின்னால் அப்படியே நின்றாள். முகத்தைத் தாவணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அப்பா, சாப்பாடு," என்று குரல் கொடுத்துக்கொண்டே முன்னால் போனாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்காமல் தூக்குச்சட்டியை வாங்கி ஸ்டூலுக்கு அடியில் வைத்தார். "வெயிலுக்கு முன்னால போயிரு தாயி," என்றார். அவள் தென்காசி பஸ்ஸுக்கு நடந்தாள். கடையில் அன்றைக்கு ஒரு கல்யாண பேனர் பாக்கி இருந்தது.