சிவப்பு நிலத்தை வாங்கியவர்

சொர்ணமுகி ஆற்றுப்படுகையில் எந்தெந்த நிலத்தில் மேல்மண் அரித்துப் போகும் என்று சிவப்பில் குறித்து வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். சந்திரகிரி பக்கத்து ஊரொன்றில் அதை விவசாயிகளுக்கு விரித்துக் காட்டியபோதுதான் அவரைப் பார்த்தேன். நிலத் தரகர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். பைக் சாவியால் காதைக் குடைந்து, அதை என் வரைபடத்தின் ஓரத்திலேயே துடைத்தார். வரைபடத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"சேப்பா கீற எடமெல்லாம் யாருதுன்னு நான் விசாரிச்சுக்கினு வரேன் சார்" என்று போனில் படம் எடுத்துக்கொண்டார். அக்கறை என்றே நினைத்தேன்.

அடுத்த முறை போனபோது அந்த ஊர் அம்மா ஒருவர் வழிமறித்து அழுதார். "இனிமே புல்லு கூட மொளைக்காதுன்னு நீதான் சொன்னியாமே நைனா? அந்தத் தரகரு கேட்ட வெலைக்குக் குடுத்துட்டேன்."

சிவப்பு என்றால் செத்த நிலம் இல்லை. உடனே கரை கட்டிக் காப்பாற்ற வேண்டிய நிலம். கூட்டத்துக்கு வந்தவர்களிடம் அதைச் சொல்லியிருந்தேன். தரகரை டீக்கடையில் பிடித்தேன்.

"பொய் சொல்லி வாங்கியிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

அவர் கோபப்படவே இல்லை. "பொய் இன்னா சார்? நீ சொன்னதுல பாதிய அவங்களுக்குச் சொன்னேன். மீதிய நான் வெச்சுக்கினேன்." சிரித்தார்.

மழைக்காலம் முடிந்து போனேன். சுற்றிலும் வயல்கள் அரித்து ஓடையோடு போயிருந்தன. அவர் வாங்கிய நிலத்தில் மட்டும் சரிவுக்குக் குறுக்கே கரைகள்; மண் அப்படியே நின்றது.

இன்றும் அந்த ஆளை நினைத்தால் அருவருப்புதான். ஆனால் அந்த ஊரில் என் வரைபடத்தை முழுசாக நம்பியவர் அவர் ஒருவர்தான்.