அண்ணன் பட்டியில் மாட்டிய பொறி

ஆய்வகத்தில் அவளுக்குப் பூச்சி பிரிக்கும் வேலை. ஆட்டுப் பட்டிகளில் தொங்கவிடும் விளக்குப் பொறிகளில் விழுந்தவை ஜாடி ஜாடியாக வரும். அவற்றில் மிளகுத்தூள் மாதிரிக் கிடக்கும் கடிபூச்சிகளை மட்டும் நுண்ணோக்கியில் பார்த்துப் பொறுக்குவாள். பிறகு அரைத்து, ஆட்டைக் கொல்லும் வைரஸ் அதற்குள் இருக்கிறதா என்று மெஷினில் பார்ப்பாள். ஆடு வளர்த்துப் பிழைக்கும் அவள் அண்ணனுக்கு இது பெரிய வேடிக்கை. கொசுவுக்குத் தம்பி மாதிரி இருப்பதைப் பொறுக்க ஒரு உத்தியோகமா என்று சிரிப்பார். ஆனாலும் தங்கை கேட்டதும் தன் பட்டியிலும் ஒரு பொறி மாட்ட இடம் கொடுத்தார்.

அந்த ஜாடியைச் சோதித்த அன்று வைரஸ் இருந்தால் உயரும் கோடு திரையில் விறுவிறுவென்று மேலே ஏறியது. கை தவறியிருக்கும் என்று புதிதாகச் செய்து பார்த்தாள். மறுபடியும் ஏறியது. மேலதிகாரியிடம் ஓடினாள். இந்த வகை வைரஸுக்குத் தடுப்பூசி இல்லை, வர மாதக்கணக்காகும், பட்டிக்காரரிடம் மட்டும் சொல்லிவிடு என்றார் அவர்.

அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அண்ணன் ஆடுகளைப் பார்த்தார். எல்லாம் தெம்பாக மேய்ந்துகொண்டிருந்தன.

"முன்னாடியே தெரிஞ்சுபோச்சுல்ல, இனி பாத்துக்கலாம்," என்றார். முகத்தில் நிம்மதிகூடத் தெரிந்தது.

அன்றே கொசுவலை வாங்கிவந்து பட்டியைச் சுற்றிக் கட்டினார். அண்ணி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அந்த வலைக்கண்களுக்குள் இந்தப் பூச்சி சுலபமாக நுழைந்துவிடும் என்று தங்கைக்குத் தெரியும். ஆனால் வேறு வழி எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளும் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் கட்டினாள்.

முதலில் ஒரு சினையாடு தீனியை விட்டது. முகம் வீங்கி, வாயெல்லாம் புண்ணாகி, நாக்கு நீலம் பாரித்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அண்ணி ஒவ்வொன்றின் தலையையும் தன் மடியில் வைத்துத் தண்ணீர் புகட்டிப் பார்த்தாள். எதுவும் உள்ளே இறங்கவில்லை.

குழி தோண்டிக் களைத்து உட்கார்ந்திருந்தபோது அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"நீ கண்டுபிடிச்சதால ஒண்ணாவது பிழைச்சுதாம்மா?"

"இல்லண்ணா."

அவர் தலையாட்டினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

பட்டி காலியானது. அண்ணன் இப்போது ஒரு கிடங்கில் காவலுக்குப் போகிறார். தங்கையின் வீட்டுப் பக்கம் அவர் வருவதில்லை.

ஜாடிகள் வருவது நிற்கவில்லை. போன வாரம் இன்னொரு பட்டியின் பூச்சியில் கோடு ஏறியது. பட்டிக்காரப் பெண்ணுக்கு அவளே போன் செய்தாள். நல்லவேளை சீக்கிரமே சொன்னீங்க என்று அந்தப் பெண் மனசார நன்றி சொன்னாள். இப்ப நான் என்ன பண்ணணும், சொல்லுங்க, அப்படியே செய்யறேன் என்றாள்.

தடுப்பூசி இன்னும் வந்தபாடில்லை.