வாசிக்காமல் விட்ட நாலு வரி

உருத்திரபுரத்துக்கு முதன்முதல் வந்த தையல் மெஷின் என்னுடையது. குடியேற்றத்துப் பெண்களுக்கெல்லாம் சட்டை தைத்தவள் நான்தான். பிறகு முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து ஒருத்தி வந்தாள். மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துப் பழகியவள். மெஷின்கூட இரவல்.

அந்த வருஷம் எஞ்சினியரின் மனைவி, தம்பியின் கலியாணத்துக்கு ஒரு கவுன் வேண்டுமென்று நீல ஷிபோன் துணியை அவளிடம் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போனா. என்னிடம் கொடுக்கவில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

துணியோடு, அவ கேட்ட மாதிரிக் கவுனின் படம் போட்ட இங்கிலீசுச் சஞ்சிகைப் பக்கம் ஒன்றும் இருந்தது. நான் எஸ்.எஸ்.சி. படித்தவள் என்று தெரிந்து, அவள் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தாள்.

"அக்கா, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

வாசித்தேன். கவுனைத் தைத்தவர் கிரேக்கர். சட்டம் படிக்கப் பாரிசுக்குப் போய், பாதியில் விட்டுவிட்டுத் தையலுக்கு வந்தவர். இப்போது அரசகுமாரிகளே அவர் வாசலில் நிற்கிறார்களாம். நான் வாய்விட்டு வாசிக்காத கடைசி நாலு வரியில் அவர் வேலை செய்யும் விதம் இருந்தது. முதலில் துணியை வெட்டமாட்டார். உடம்பில் சுற்றி, ஊசி குத்தி மடிப்பெடுத்த பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடுவார்.

"எப்பிடித் தைக்கிறாரெண்டு போடேல்லையோ?"

"இல்லை," என்றேன். அளந்து வெட்டித் துணியை நாசமாக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

மூன்றாம் நாள் திரும்ப வந்தாள். துணி முழுசாக இருந்தது.

"வெட்டக் கை வருகுதில்லை அக்கா. எஞ்சினியர் அம்மாவும் நீங்களும் ஒரே அளவு. கொஞ்சம் நில்லுங்கோவன், மேலிலை போட்டுப் பாப்பம்."

அவள் துணியை என்மேல் சுற்றி ஊசி குத்தி மடிப்பெடுக்க, பின்னேரம் முழுக்க நின்றேன். அலுமாரிக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். அவ்வளவு வடிவாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. அவளுடைய கையை முறிக்கலாம் போலிருந்தது.

எஞ்சினியரின் மனைவி திரும்பி வந்து, என் முன்னாலேயே கவுனைப் போட்டுப் பார்த்து, பூரித்துப்போனா.

"ஆர் சொல்லித் தந்தது?"

"இந்த அக்காதான் வாசிச்சுக் காட்டினவா."

"அதுதானே பாத்தன். வெட்டாமல் மேலிலை போட்டு மடிப்பெடுக்கிறதெண்டு கடைசியிலை போட்டிருக்கே. அதையும் விடாமல் வாசிச்சிருக்கிறா."

அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஓம் அம்மா," என்றாள். "ஒரு வரியும் விடேல்லை."

அப்படிச் சொல்ல என்னால் முடிந்திருக்காது. அதற்கும் எனக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.