பொழுது தரையில் விழுமிடம்

தேவாரத்தில் பிறந்து சுருளிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள் நான். இரண்டு ஊரிலும் மேற்கே மலை. மத்தியானம் காய்ந்த வெயில் நாலரை மணிக்கே மங்க ஆரம்பிக்கும். ஐந்து மணிக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அதற்குப் பிறகு வெளிச்சம் மட்டும் நெடுநேரம் இருக்கும். சூரியன் கீழே இறங்கி, தரையைத் தொட்டு, அதற்குள் போவதை நான் போன வருடம் வரை நேரில் பார்த்ததில்லை. சினிமாவில் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் பார்த்ததாக ஆகுமா?

இப்படி ஓர் ஆசை இருக்கிறது என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஐம்பது வயதுப் பெண்பிள்ளை நகைக்கு ஆசைப்படலாம், காசிக்குப் போக ஆசைப்படலாம். பொழுது விழுவதைப் பார்க்க ஆசைப்பட்டால் டாக்டரிடம்தான் கூட்டிப்போவார்கள். அதனால் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு நாள் செல்போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பு மணல். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனை. மலை என்று ஒன்று பெயருக்குக்கூட இல்லை. ராஜஸ்தானா என்று கேட்டேன். "ராஜஸ்தான் இல்லம்மா, திருச்செந்தூர்ப் பக்கம். தேரிக்காடு. நம்ம தமிழ்நாட்டுப் பாலைவனம்" என்றாள். அன்றைக்கு அந்த வீடியோவை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. சோறு குழைந்து போனது.

மகள்தான் திட்டம் போட்டுக் கொடுத்தாள். சனிக்கிழமை தேரி, ராத்திரி திருநெல்வேலியில் தங்கல், ஞாயிற்றுக்கிழமை பாபநாசம் மலை, சாயங்காலம் வீடு. ஒரு நாள் பாலைவனம், ஒரு நாள் மலை. "நீயும் அப்பாவும் மட்டும் போங்க. கல்யாணம், காது குத்து, எழவு, ஆஸ்பத்திரி, இந்த நாலும் இல்லாம நீங்க ரெண்டு பேரும் எங்கனயாவது போயிருக்கீகளா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். போனதில்லை.

என் கணவருக்குத் திராட்சைத் தோட்டம்தான் உலகம். பன்னீர்த் திராட்சை. பந்தலில் கொடி இருக்கிற வரைக்கும் அவருக்கு ராத்திரித் தூக்கம்கூடத் தோட்டத்துப் பக்கம் தலை வைத்துத்தான். ஒரு தூறல் விழுந்தால் மருந்து அடிக்க ஓடுவார். பனி இறங்கினால் இலையைத் திருப்பிப் பார்க்க ஓடுவார். ஆனால் காய் வெட்டி முடித்ததும், கிளை கழித்து அடுத்த கவாத்து பண்ணுவதற்கு முன்னால் கொடியைக் கொஞ்ச நாள் சும்மா விட வேண்டும். தண்ணீரைக் குறைத்து, உரம் நிறுத்தி, ஓய்வு கொடுத்தால்தான் அடுத்த காய்ப்பு நன்றாக வரும். போன மாசியில் அப்படி ஓர் இடைவெளி வந்தது. சாப்பாடு போட்டுக்கொண்டே விஷயத்தை ஆரம்பித்தேன்.

"பாலைவனத்துல என்ன இருக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்ல. அதத்தான் பாக்கணும்."

"சரி, மறுநாளு மலையின்னு போட்டிருக்கே. கதவத் திறந்தா மலை. மலைய விட்டு எறங்கி, பஸ்ஸுக்குக் காசு குடுத்து, இன்னொரு மலைக்குப் போறதா?"

"மலை நம்ம மகளோட ஆசை. மணல் என்னோட ஆசை. சூரியன் தரையில விழுறதப் பாக்கணும்."

கையில் சோற்றுடன் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "கொடிக்கெல்லாம் ஓய்வு குடுக்குறீகள்ல, எனக்கு ஒரு ரெண்டு நாளு குடுங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "சரித்தா, போவோம்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரே ஒரு நாள். மறுநாள் டிரைவரிடம் கார் சொல்லிவிட்டுத் திரும்பியவரை, அடுத்த தெருவில் இருக்கும் அவருடைய அக்கா, என் நாத்தனார், வழிமறித்திருக்கிறார். கார் பேசியாச்சாமே, என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறார். எங்கள் பக்கம் கார் பேசினால் விசேஷம் இருந்தே ஆக வேண்டும். சும்மா போகிறோம் என்று சொன்னால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பெண் பார்க்கவோ, பெரிய டாக்டரைப் பார்க்கவோ போகிறார்கள் என்று அன்று சாயங்காலமே ஊர் முழுக்கப் பரவிவிடும். சூரியன் விழுவதைப் பார்க்கப் போகிறோம் என்று அக்காவிடம் சொல்ல மனிதருக்கு நாக்கு எழவில்லை. "திருச்செந்தூர் வரைக்கும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? நாத்தனாரின் பேரனுக்குத் திருச்செந்தூரில் மொட்டை போடுவதாக வேண்டுதல் இருந்தது. அன்று ராத்திரிக்குள் கார் வேன் ஆகிவிட்டது. நாத்தனார், அவர் மகன், மருமகள், பேரன், மருமகளின் அம்மா, சம்பந்தி வீட்டில் இன்னும் இரண்டு பேர். மறுநாள் மலை கழன்று போய், மொட்டை முடிந்ததும் அன்றைக்கே திரும்புவதாக ஆனது. ஒரு வண்டி போகும்போது இடத்தைக் காலியாக விட்டுக்கொண்டு போவது எங்கள் ஊரில் சொந்தக்காரர்களை அவமானப்படுத்துகிற காரியம். உசிலம்பட்டியில் ஒரு சித்தப்பா வீடு, கோவில்பட்டியில் ஒரு பெரியம்மா வீடு. அந்த வழியாகப் போய்விட்டு எட்டிப் பார்க்கவில்லை என்றால் ஆயுசுக்கும் பேச்சு. அந்த வீடுகளுக்கு ஆளுக்கு ஒரு பெட்டி திராட்சை வேறு, நாங்கள் வெட்டி முடித்திருந்ததால் பக்கத்துத் தோட்டத்தில் விலைக்கு வாங்கி ஏற்றினார்கள்.

நான் என்ன செய்தேன்? என் வீட்டுக்காரரோடு பேச்சை நிறுத்தினேன். குழம்பில் உப்பைக் குறைத்தேன். அவரும் உப்பில்லாத குழம்பை வாயே திறக்காமல் சாப்பிட்டார். கடைசியில் அவராகவே வந்து, "தேரிய விட்டுர மாட்டேன். அஞ்சு மணிக்கு முன்னால அங்கன நிக்கணும்னு டிரைவர்ட்ட சொல்லிட்டேன். பாத்துட்டுத்தான் கோயிலுக்கு" என்றார். சரி, கூட்டத்தோடு என்றாலும் பார்த்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

விடியக் கிளம்ப வேண்டிய வேன், மருமகள் தலை காயவில்லை என்று வெயில் ஏறித்தான் கிளம்பியது. உசிலம்பட்டியில் சித்தப்பா கோழி அடித்துவிட்டார். "மொட்டை போடப் போறோம், கறி ஆகாது" என்று நாத்தனார் சொன்னதும், புதிதாகச் சாம்பார் வைக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். கோவில்பட்டிப் பெரியம்மா போளியும் காப்பியும் கொடுத்து, கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்ப்பதும் என் கணவரைப் பார்ப்பதுமாக இருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூத்துக்குடியைத் தாண்டும்போதே ஐந்து மணி ஆகிவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது. வெயிலுக்காக வேனின் திரைகளையெல்லாம் இழுத்து விட்டிருந்தார்கள். வெளியே வெளிச்சம் இருந்தது, ஆனால் வெளிச்சத்தை வைத்து நான் ஏமாறுவேனா? எங்கள் ஊரிலும்தான் சூரியன் போன பிறகு வெளிச்சம் இருக்கிறது. முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்துவிட்டேன். நாத்தனார், "என்னத்தா, தலவலியா?" என்றார். ஆமாம் மதினி என்றேன். உண்மையில் அழுதுகொண்டிருந்தேன். சின்னப் பிள்ளை மாதிரி இதற்கா அழுவது என்று என்னையே திட்டிக்கொண்டும் அழுதேன். கேட்டது ஒரே ஒரு சாயங்காலம். அதைக்கூட இவர்கள் எல்லோரும் சேர்ந்து பங்கு போட்டுத் தின்றுவிட்டார்கள் என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

எவ்வளவு நேரம் போனதோ, வேன் குலுங்கித் திரும்பியது. பிறகு நின்றது. என் கணவர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

"எறங்கு."

"எதுக்கு? பொழுதுதான் போயிருச்சே."

"போனாப் போகுது. மணலையாவது பாரு. எறங்குங்குறேன்ல."

வேண்டாவெறுப்பாக இறங்கினேன். சின்னத் தார் ரோடு. ஓரத்தில் ஓலை வேய்ந்த ஒரு டீக்கடை. ரோட்டுக்கு மேற்கே உடைமரங்களும் முந்திரியும் தாண்டி, மிளகாய்ப் பொடியைக் கொட்டி வைத்தது போல் மணல் மேடு மேடாகக் கிடந்தது. அதற்கு மேலே, ஒரு பனைமர உயரத்தில், சூரியன் அப்படியே இருந்தது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கையில் கட்டியிருந்த வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார். "ஆறு ஆகப் போகுது" என்றார், ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி. பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. ஐந்து மணிக்குப் பொழுது போவது உலக வழக்கமில்லை, அது எங்கள் மலையின் வழக்கம். பொழுது எங்கேயும் போகாமல் மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காய்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான் இரண்டு பேரும். திட்டம் போட்ட மகளுக்குக்கூட இது தோன்றவில்லை. அவளும் எங்கள் ஊரில் வளர்ந்தவள்தானே. எனக்கு வந்த சிரிப்பில் முகத்தில் காயாமல் இருந்த கண்ணீரைத் துடைக்கவும் மறந்து போனேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். மணல் மேலே சுட்டது, கால் புதையப் புதைய உள்ளே குளிர்ந்தது. மற்றவர்கள் யாரும் வரவில்லை. நாத்தனாருக்கு முட்டி வலி. மற்றவர்களுக்கு டீக்கடையில் பதநீர் கிடைத்துவிட்டது. இரண்டு மேடு ஏறி இறங்கியதும் என் கணவர் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணுக்கு மலை தட்டுப்படாமல் மனிதர் தடுமாறிப் போனார். "எந்தப் பக்கமா வந்தோம்?" என்று என்னிடம் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் வழி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கும் தெரியவில்லை, ஆனால் தெரிந்த மாதிரி முன்னால் நடந்தேன். அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை ஒளிக்க விரும்பவில்லை.

உச்சியில் நின்றோம். சூரியன் சிவந்து பெரிதாகி, ஓரம் கலங்கி, மெல்ல இறங்கியது. கீழ்ப்பக்கம் மணலைத் தொட்டது. தொட்ட பிறகு அவசரமாகப் போனது. பாதி ஆனது, கீற்றானது, ஒரு பொட்டு அளவுக்கு நின்றது, பிறகு இல்லை. நடுவில் எதுவும் வந்து மறைக்கவில்லை. அது தானாக, தன் நேரத்துக்கு, முழுதாகப் போனது. எனக்கு மார்பு நிறைந்து போனது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"ஏலே!" என்று ரோட்டிலிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது. பின்னாலேயே வேன் ஹாரன். "கோயிலுக்கு நேரமாச்சு, வாங்க!"

நான் சேலையை உதறிக்கொண்டு திரும்பினேன். அவர் திரும்பவில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு சத்தம் போட்டார். "நீங்க போயிட்டு வாங்கக்கா! திரும்பி வரும்போது எங்கள ஏத்திக்கங்க! டீக்கடையில இருப்போம்!"

ரோட்டிலிருந்து, "உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று வந்தது.

"ஆமாக்கா!" என்று கத்தினார்.

சொந்தக்காரர்கள் அத்தனை பேர் காது கேட்க, டிரைவரும் டீக்கடைக்காரரும் கேட்க, அக்கா பேச்சை ஒரு நாளும் தட்டாத மனிதர் அதைச் சொன்னார். வேன் இன்னும் ஒரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, மனமில்லாமல் கிளம்பிப் போனது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். பக்கத்து மணலைக் கையால் தடவிச் சமன் பண்ணினார்.

"உக்காரு" என்றார்.