சந்திரகலாவின் காதுக்கு ஒரு சர்டிபிகேட்

கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, திருவண்ணாமலை டெலிபோன் எக்சேஞ்சில் பதினோரு வருஷம் "நம்பர் ப்ளீஸ்" சொன்னவள் சந்திரகலா. எழுபத்தொன்பதாம் வருஷம் அவள் உடம்பில் வலி வந்து குடியேறியது. தோள், முதுகு, முட்டி. தொட்டாலும் வலி, தொடாவிட்டாலும் வலி. டாக்டர்கள் எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் அகப்படாததால் "நரம்புத் தளர்ச்சி" என்று எழுதிக் கையைக் கழுவினார்கள்.

பிறகு அது காதுக்கும் ஏறியது. உள்ளே ஓயாத விசில். ஹெட்போனை மாட்டினால் ஒவ்வொரு "ஹலோ"வும் ஊசியாக இறங்கியது. வீட்டில் எவர்சில்வர் தட்டு விழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். புருஷன் இருசப்பன் நல்லவன். வாழை இலைக்கு மாறிக்கொண்டான். வலியை மட்டும் நம்பவில்லை.

அவள் கேட்டதெல்லாம் ஹெட்போன் இல்லாத பில் செக்‌ஷன்.

"காது கோளாறுனு சர்டிபிகேட் கொண்டாம்மா, மறுநாளே மாத்திடறேன்" என்றார் சூப்பர்வைசர் ஏகாம்பரநாதன்.

காது டெஸ்டுக்காக மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பக்கத்து சீட் திரௌபதி பாடம் நடத்தினாள். "கீச்சுனு சத்தம் விடுவாங்கக்கா. கேட்டா பட்டனை அழுத்தச் சொல்வாங்க. நீங்க சாமியாராட்டம் உக்காந்துடுங்க."

"பொய் இல்லியாடி?"

"வலி நெசந்தானே?"

கண்ணாடி அறையில் முதல் சத்தத்தை அழுத்தாமல் விட்டுவிட்டாள். யாரோ லைனில் காத்திருப்பதுபோல் மனசு அடித்துக்கொண்டது. பதினோரு வருஷத்தில் ஒரு அழைப்பையும் அவள் அப்படி விட்டதில்லை. இரண்டாவதிலிருந்து எல்லாவற்றுக்கும் அழுத்தினாள். எறும்பு தும்மினாற்போல் வந்ததற்கும்கூட.

"அருமையான காதும்மா" என்றார் டாக்டர்.

"வலிக்குது சார்."

அவர் சர்டிபிகேட் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு இதுல கட்டம் இல்லியேம்மா."

ஏகாம்பரநாதன் சர்டிபிகேட்டை இரண்டு தரம் படித்தார். தீபத்துக்கு மூன்று நாள் இருந்தது. வெளியூர்க்காரர் அத்தனை பேரும் வந்து சேர்ந்த செய்தியை வீட்டுக்குச் சொல்லியாக வேண்டிய நேரம்.

"இப்பேர்ப்பட்ட காதை வெச்சிகிட்டு பில் எழுதறதா? வெளியூர் கால் வர்ற டிரங்க் போர்டுல உக்காரும்மா. பம்பாய் லைன்ல இரைச்சல் ஜாஸ்தி, மத்தவங்களுக்கு ஒண்ணும் புரியல."

தீபத்தன்று சாயங்காலம் ஊரே மலையைப் பார்த்து நின்றது. சந்திரகலா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பம்பாயிலிருந்து ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார்: "கேக்குதா? கேக்குதா?"

"கேக்குது சார்" என்றாள். "பேசுங்க."