சின்ன இசைத்தட்டில் பாடுகிறவர்

குழந்தை ஏதோ ஒன்றைத் தானாகவே நம்பத் தொடங்கும்போது, தாய் எந்த நாளில் "அது அப்படி இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும்? முதல் நாளே சொல்ல வாயெடுத்தேன். விளையாட்டைக் கெடுப்பதாகத் தோன்றி விட்டுவிட்டேன். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தால் அவளுக்குக் காய்ச்சல். அப்புறம் அது நாள் தவறிப்போன தடுப்பூசி போல ஆகிவிட்டது. இனி போடலாமா, போட்டால் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியவில்லை. மகளுக்கு இப்போது ஐந்து வயது முடியப் போகிறது.

என் கணவர் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். அவர் விமானம் ஏறியபோது நான் ஏழு மாதம். குழந்தைக்கு ஒன்றரை வயதில் ஒருமுறை விடுப்பில் வந்தார். அந்த ஒரு மாதமும் அவள் பீரோவுக்குப் பின்னால் நின்று அவரைப் பார்த்தாள். கிட்டே வரத் தொடங்கிய வாரத்தில் அவர் கிளம்பிவிட்டார். இப்போது அவளுக்கு அது ஒன்றுமே நினைவில்லை.

துணைக்கு இருக்கட்டும் என்று அவர் விட்டுப்போனது ஒரு ரேடியோ. காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு அப்போது வெளிப்பூச்சுகூட ஆகவில்லை. மதியம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பால் கொடுக்கும்போது இன்னொரு கையால் சிற்றலையில் முள்ளை நகர்த்துவேன். முதலில் நான் தேடியது மஸ்கட்டை. அவர் இருக்கும் ஊரிலிருந்து ஏதாவது ஒரு சத்தம் கேட்டால் போதும் என்றிருந்தது. கிடைத்தது எந்த ஊர் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. பேசுகிறவரின் மொழி புரியாது. அவர் பேசி முடித்ததும் பாட்டு வரும், அதற்காகக் காத்திருப்பேன். ஒருநாள் ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் போல ஒரு தந்திக் கருவி. ஒருநாள் ஆண்கள் கூட்டமாக, ஒருவர் குரலுக்குக் கீழே இன்னொருவர் குரலை வைத்துப் பாடுவார்கள். நான் பி.எஸ்சி. வரை படித்தவள். இப்படியெல்லாம் பாடலாம் என்று எந்தப் பாடத்திலும் வந்ததில்லை.

அடுத்த வீட்டில் தறி. நெய்கிற அக்கா சுவருக்கு அப்பாலிருந்தே பேசுவார்.

"இன்னாம்மா பாட்டு இது? ஜலதோஷம் புடிச்சவன் கூவறாப்பல இருக்குது."

"அணைச்சிடட்டாக்கா?"

"பாப்பா தூங்குதா? அப்ப ஓடட்டும். எனக்கும் கை ஓடிக்கினுதான் இருக்குது."

ரேடியோவில் ஒரு குறை. பிடித்த பாட்டு திரும்ப வராது. பெயர் தெரியாததைக் கடையில் எப்படிக் கேட்பது? அந்தக் கவலையோடு இருந்தபோதுதான் பழைய பேப்பர் கடையில் ஒரு சாக்கு நிறைய இசைத்தட்டுகளைப் பார்த்தேன். எல்லோரும் கேசட்டுக்கு மாறி வெகுகாலம் ஆகியிருந்தது. அட்டைகளைப் புரட்டி, என்னால் படிக்க முடியாத எழுத்துகள் உள்ளவற்றை மட்டும் தனியே வைத்தேன்.

"தெரிஞ்ச பாட்ட எல்லாரும் எடுப்பாங்கம்மா," என்றார் கடைக்காரர். "தெரியாதத நீ ஒருத்திதான் எடுக்கற. நல்லா இல்லன்னா திரும்பக் கொண்டாராத."

அதற்குப் பிறகு வெளிநாட்டுத் தட்டு எது வந்தாலும் எனக்கென்று எடுத்துவைத்தார். வாங்கி வந்த பிறகுதான் வீட்டில் பிளேயர் இல்லை என்பதே உறைத்தது. எதையும் யோசித்துச் செய்கிறவள் என்று என்னைப் பற்றி நானே நினைத்திருந்த காலம் அது.

கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டுகிறவர் தன் கடைப் பரணிலிருந்து ஒரு பழைய பிளேயர் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். மோட்டார் நன்றாக இருந்தது. தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் மட்டும் இற்றுப் போயிருந்தது, புதிதும் எங்கும் கிடைக்கவில்லை. அடுத்த வீட்டு அக்கா அதைக் கேட்டுவிட்டு, பாவுக்கு வைத்திருந்த பட்டு இழைகளைக் கற்றையாக எடுத்து முறுக்கினார். இரண்டு முனைகளையும் சாம்பல் தொட்டு உருட்டி, முடிச்சே தெரியாமல் சேர்த்து ஒரு வளையமாக்கித் தந்தார். மைக் செட்காரர் வீட்டுக்கு வந்து அதை மாட்டினார்.

"பட்டு பெல்ட்டா? காஞ்சிபுரம்னா இதுக்குமா பட்டு?" என்று சிரித்தார். மோட்டார் உருளையில் மேலும் கீழுமாக இரண்டு பள்ளங்கள். மேல் பள்ளத்தில் நூல் நிற்காமல் வழுக்கியது. மெல்லிய கீழ்ப் பள்ளத்தில்தான் நின்றது. "பெரிய பிளேட்டு மட்டும் போடுங்கம்மா. சின்னது போடாதீங்க."

சரி என்று தலையாட்டினேன். முள் உடைந்துவிடும் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

பெரிய தட்டு ஒன்றில் நாதஸ்வரம் இருந்தது. போட்டோம். கோயிலில் கேட்பது போலவே இருந்தது. ஆகவே பெட்டி சரியாக ஓடுகிறது என்று எல்லோருக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் சில மாதம் கழித்து, மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது, ஒரே ஒரு சின்னத் தட்டைப் பயந்துகொண்டே வைத்தேன். முள் உடையவில்லை.

ஓர் ஆணின் குரல். கனத்த, களைத்த குரல். அவசரமே இல்லாமல் ஒவ்வொரு சொல்லையும் தரையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பது போலப் பாடினார். பின்னால் மணி போல ஏதோ ஒன்று மூன்றுமுறை ஒலித்து அடங்கியது. பாட்டின் நடுவே ஓரிடத்தில் குரல் உடைந்து விம்மினார். பிறகு மெல்லச் சமாளித்துக்கொண்டு தொடர்ந்தார். அதுவரை கேட்ட எதுவும் என்னை அப்படிப் பிடித்து உட்கார வைத்ததில்லை.

மகள் பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றாள்.

"யாரும்மா பாடறது?"

"யாரோ ஒருத்தர்."

"எங்க இருக்காரு?"

"ரொம்ப தூரத்துல. வேற நாட்டுல."

யோசித்துப் பார்த்தால், அவள் அப்பாவைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் நான் சொன்னதும் இதே சொற்கள்தான். அவள் கணக்கு சரியாகவே இருந்தது. "அப்பா," என்றாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ.

அதன் பிறகு தினமும் மதியம் சாப்பிட்டதும் அந்தத் தட்டு வேண்டும். விம்மும் இடம் வரும்போது பெட்டியைத் தட்டிக் கொடுப்பாள். "அழாதப்பா. லீவு குடுப்பாங்க." லீவு கொடுப்பார்கள் என்பது நான் அவளுக்குச் சொல்லும் சமாதானம். அதைக் கேட்டுக்கொண்டு எப்படி "அது உன் அப்பா இல்லை" என்று சொல்வது? அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்டேன். "கொழந்ததான, மறந்துடும் வுடு," என்றார்.

அவள் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு என் கணவர் போன் செய்வார். ரிசீவரை அவள் காதில் வைத்தால் கொஞ்ச நேரம் கேட்பாள். கம்பி போல மெலிந்து, விட்டுவிட்டு வரும் குரல். "ராங் நம்பர்," என்று என்னிடம் நீட்டிவிடுவாள். பூத்துக்காரர் சொல்வதைக் கேட்டுப் பழகியது. முதலில் எல்லோரும் சிரித்தோம், அவரும் அந்தப் பக்கம் சிரித்தார்.

ஒருநாள் பூத்தில் நல்ல கூட்டம். பூத்துக்காரர் அவளைச் சீண்டினார். "பாப்பா, அப்பா லைன்ல இருக்காருமா. பேசு."

"எங்கப்பா வூட்ல இருக்காரு," என்றாள் உரக்க. "தெனம் மத்தியானம் பாடுவாரு."

வரிசையில் நின்ற ஒரு பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இந்த போன் யாருதுமா?" என்று யாரோ பின்னால் கேட்டார்கள். இசைத்தட்டு, பெட்டி என்று நான் விளக்கத் தொடங்க, அது இன்னும் மோசமாகக் கேட்டது. போனில் அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"என்ன சொல்லி வளக்கற அவள?" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலைங்க."

"ஒண்ணும் சொல்லலியா," என்றார். பிறகு நேரமாகிறது என்று வைத்துவிட்டார். நான் சொன்னதை அவர் திருப்பிச் சொன்ன விதம் பல வாரங்கள் காதில் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் ஒரு மதியம், துணி மடித்துக்கொண்டே ரேடியோவைத் திருப்பினேன். ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். துள்ளலான பாட்டு, கேட்டவுடன் யாரோ ஆடுகிறார்கள் என்று தெரியும். பின்னால் மணி போல ஏதோ ஒன்று வேகமாக மூன்றுமுறை ஒலித்தது. என் கை நின்றுவிட்டது. ராகம் அதுதான். யாரோ அந்தப் பாட்டை வேறு மாதிரிப் பாடுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்த இடம் வந்தது. அந்தப் பெண் பாடிக்கொண்டே சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, முடியாமல் வந்த சிரிப்பு. பிறகு சமாளித்துக்கொண்டு தொடர்ந்தாள்.

எங்கள் வீட்டுப் பெட்டியில் தினமும் அப்பா விம்மும் அதே இடம்.

மகள் பக்கத்தில்தான் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். "இது நல்லால்லமா, ஆஃப் பண்ணு," என்றாள். "அப்பாவ போடு."

மைக் செட்காரரிடம் போய்க் கேட்டேன்.

"சின்னது வேகமா சுத்தணும்மா, நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து. உங்க பட்டு நூலு நிக்கறது முப்பத்திமூணுல. பொம்பள கொரலு ஆம்பள கொரலாயிடும். அதான் போடாதீங்கன்னு சொன்னேன்."

"ஏன்னு சொல்லலியே."

"நீங்க கேக்கலியே. தெரிஞ்ச பாட்டா இருந்தா மொத வரியிலயே உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

அது உண்மை. தமிழ்ப் பாட்டாக இருந்திருந்தால் நாங்கள் யாரும் ஏமாந்திருக்க மாட்டோம். யாருக்கும் தெரியாததாகப் பார்த்து எடுத்தவள் நான். மகளை விடுங்கள், எனக்கே அந்தச் சரியான வேகத்துப் பாட்டு பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்த அந்த மனிதர் எந்த நாட்டிலும் இல்லை. ஒரு பட்டு நூல் அறுந்தால் இங்கேயும் இருக்க மாட்டார்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், என் கணவர் பொங்கலுக்கு வருகிறார். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி இங்கேயேதான். பெட்டி பட்டு நூலில் ஓடுகிறது என்று முன்பே அவருக்குக் கடிதத்தில் எழுதியிருந்தேன். போன வெள்ளிக்கிழமை அவர் குரலில் அவ்வளவு உற்சாகம். "ரப்பர் பெல்ட் வாங்கிட்டேன். அந்தப் பொட்டிய வந்த அன்னிக்கே பிரிச்சு சரி பண்றேன். எம் பொண்ணு கேக்கற பாட்ட நானும் கேக்கணும்." கையில் வேலை தெரிந்தவர். மகளிடம் கொண்டுபோய்க் கொடுக்க அவருக்கு வேறு என்ன இருக்கிறது? பெல்ட் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் குரலின் கதையையும் சொல்ல முடியவில்லை. போனில் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும், அதிலும் எந்தப் பாதி என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து மகளிடம், "அப்பா வரப்போறாரு," என்றேன். அவள் பெட்டியைப் பார்த்தாள்.

"அப்ப உள்ள யாரு பாடுவாங்க?"

"நீ என்ன நெனைக்கிற?" என்று கேட்டுவைத்தேன். பதில் தெரியாத ஆசிரியர்கள் கேட்பது போல.

"வெளிய வந்துட்டா அழமாட்டாரு," என்றாள்.

அவர் புது பெல்ட்டை மாட்டினால், அவள் கண் முன்னாலேயே அந்த அப்பா காணாமல் போய், யாரோ ஒரு பெண் சிரிப்பாள். அதைச் செய்தது அவர் கை என்று அவள் மனதில் பதியுமோ என்பதுதான் என் பயம். தட்டை ஒளித்து வைத்தால், கேட்ட பாட்டை ஏன் தரவில்லை என்று இரண்டு பேரும் என்னைக் கேட்பார்கள். அவர் வருவதற்குள் நானே உட்கார வைத்து உண்மையைச் சொன்னால், வருகிறவரும் பொய் என்று நினைத்து மறுபடி பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவாளோ?

தூரத்தில் இருக்கும் தகப்பனுக்காகப் பிள்ளையை வளர்த்தவர்கள் இதைப் படிக்கும் உங்களில் பலர் இருப்பீர்கள். அப்படிப் பிள்ளையாக வளர்ந்தவர்களும் இருப்பீர்கள். என்ன செய்யட்டும்? யாரிடம் முதலில் சொல்லட்டும், அவளிடமா, அவரிடமா? பொங்கலுக்கு முன்னால் எழுதுங்கள். குழந்தைதானே, மறந்துவிடும் என்று மட்டும் எழுத வேண்டாம். இன்று மதியமும் அந்த இடம் வந்தபோது அவள் ஓடிவந்து பெட்டியைத் தட்டிக் கொடுத்தாள், "லீவு குடுத்துட்டாங்கப்பா," என்று.