கிடப்பு அக்காவின் இருபதாவது சவாரி

ஆபீஸ் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, அதன் ஐந்து சக்கரங்களிலும் சுற்றிக்கிடக்கும் தலைமுடியை ஊசியால் கிளறி எடுத்துக்கொண்டிருக்கிறார் கிடப்பு அக்கா. ஒரே ஒரு முடி மிச்சமிருந்தாலும் வளைவில் நாற்காலி உதறுமாம். எடுத்து முடித்ததும் சக்கரத்தைச் சுண்டிவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்கிறார். திருப்தி. பிறகு சாக்பீஸும் கையுமாகக் கிடங்கின் சிமெண்டுத் தரையில் குனிந்தபடியே பின்னால் நடந்து, தண்டவாளத்தை வரைந்துகொண்டே போகிறார். ஐம்பத்தாறு வயது இடுப்பு அது. வலிக்கவில்லையா என்று கேட்டால், "வலிக்கத்தான் செய்யுது. அதுக்காகப் பாதையை நேராவா போட முடியும்?" என்பார்.

பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் சவாரிகளை வடிவமைப்பது அக்காவின் வேலை. இருபத்து மூன்று வருடத்தில் பத்தொன்பது சவாரிகள் வரைந்திருக்கிறார். ஒன்றைக்கூடக் கட்டவில்லை, எல்லாம் கிடப்பில். அந்தப் பெயரை வைத்தவர்கள் கேண்டீன் பெண்கள்தான். அக்கா கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், மறுநாளே தம் அலமாரியின் மேல் 'கிடப்பு' என்று கொட்டை எழுத்தில் தாமே எழுதி ஒட்டிவிட்டார்.

அலமாரியைத் திறந்தால் பார்க்க வேண்டுமே! திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் புகுந்து, அது தும்மும்போது வெளியே வந்து விழும் படகு. பக்கத்து ஊர்ப் பூங்காக்காரர்கள் ஒரு சுறாவைத் திறந்து முந்திக்கொண்டதால் அது போச்சு. உத்தரத்தில் சாப்பாட்டு மேஜை தொங்கும் தலைகீழ் வீடு. வரைபடத்தைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று மேலாளர் தள்ளிவிட்டார். மேகத்துக்குள் போகும் ரயிலைப் பற்றிப் பேச்சு நடக்கும்போது, புகையில் பிள்ளைகள் தொலைந்துபோனால் என்ன செய்வது என்று யாரோ வாயை வைத்தார்கள், அத்தோடு அதன் கதையும் முடிந்தது. அக்கா வரைந்ததில் நிஜமாக எழுந்து நின்றது ஒன்றே ஒன்றுதான்: மற்றவர்களின் சவாரிகளுக்கு முன்னால் ஜனங்கள் வரிசையில் நிற்கும் கம்பித் தடுப்பு.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் ரிப்பேர் பண்றதாவது மேல போயிட்டுக் கீழ வருது. உன்னோடது எதுவும் தரையை விட்டே எழும்பலையே" என்று சீண்டுவார். அக்கா அசர மாட்டார். கட்டாத பத்தொன்பது சவாரியிலும் கேண்டீன் பெண்கள் ஏறியாயிற்று, சாப்பாட்டு இடைவேளையில், இதே நாற்காலியில். பின்னால் நின்று தள்ளுவது அக்கா. எங்கே இருட்டு, எங்கே காற்று, எங்கே திமிங்கிலத்தின் பல் என்று காதோரம் சொல்லிக்கொண்டே தள்ளுவார்.

"கட்டலேன்னா என்ன, ஓடலேன்னு யாரு சொன்னா?"

ஆனால் முதலாளியை மட்டும் அந்த நாற்காலியில் உட்காரவைக்க முடிந்ததே இல்லை. அவருடைய அளவுகோல் ஒன்றுதான்: ஜனங்கள் அலறுவார்களா? அலறல் இல்லாத சவாரிக்குக் கூட்டம் வராது என்பது அவர் கட்சி. அக்காவின் சவாரிகளோ நடை வேகத்தில் போகிறவை. அவர் கொடாக்கண்டன் என்றால் இவர் விடாக்கண்டன்.

இருபதாவதாக அக்கா எறும்புப் பாதையைக் கொண்டுவந்தார். பயணிகள் எறும்பளவுக்குச் சுருங்கி ஒரு சமையலறைத் தரையில் ஊர்ந்து போவார்கள். இந்த முறை மேலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இதுவும் ஊத்திக்கொண்டால் வடிவமைப்புப் பிரிவை மூடிவிடுவார்களாம், அக்கா பலகை எழுதும் பிரிவுக்குப் போக வேண்டுமாம். அதாவது, 'கழிப்பறை இந்தப் பக்கம்' என்று அம்புக்குறி போடும் வேலை. அக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பயந்துதான் போயிருந்தார்.

முதலாளி வந்தார். படங்களைப் புரட்டினார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இதுல எவன்மா அலறுவான்?"

அக்கா நாற்காலியை அவர் முன்னால் இழுத்துப் போட்டார். மேலாளருக்கு வியர்த்துவிட்டது. முதலாளி தம் பூங்காவின் ஒரு சவாரியிலும் ஏறியதில்லை. விருந்தாளிகளை ஏற்றிவிட்டு, அவர்கள் கைப்பைகளைச் சுமந்தபடி இறங்குமிடத்தில் காத்திருப்பார். தலைசுற்றல் என்பது ஊருக்கே தெரியும், அவரிடம் சொல்லத்தான் யாருக்கும் தைரியமில்லை. கம்பித் தடுப்புக்கு அளவெடுத்த காலத்திலேயே அக்கா அதைக் கவனித்துவைத்திருந்தார்.

"இது தரையை விட்டு ஒரு அங்குலம்கூட எழும்பாதுங்க ஐயா. என் கை நாற்காலியை விடாது. உக்காருங்க."

அவர் அக்காவைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

சாக்பீஸ் கோட்டின் மேல் நாற்காலி நகர்ந்தது. மேஜைக் கால்களாக நாலு சாக்கடைக் குழாய்கள் கூரை வரை நின்றன. வெள்ளைத் துணி சுற்றிய மெத்தைதான் சர்க்கரைக் கட்டி. "இப்ப நீங்க எறும்புங்க. வாசனை வருது பாருங்க" என்று அக்கா காதோரம் சொல்ல, முதலாளி நிஜமாகவே மூக்கை உறிஞ்சினார். இரண்டாவது வளைவில் வெளிச்சம் மங்கியது. மேலிருந்து சர்ரென்று ஒரு சத்தம். கேண்டீன் பெண்கள் கயிற்றை இழுக்க, உத்தரத்தில் கட்டிய இருநூறு ரப்பர்க் குழாய்களும் ஒரு ராட்சசத் துடைப்பமாக அவர் தலையை நோக்கி வீசிக்கொண்டு வந்தன.

"ஐயோ அம்மா!"

அத்தனை பெரிய மனிதர் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டு அலறிய அலறலில் மேலாளர் கோப்பைக் கீழே போட்டுவிட்டார். துடைப்பம் தலைக்கு ஒரு சாண் மேலாகப் போய்விட்டது. தொலைந்தோம், அம்புக்குறிதான் நம் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டார் அக்கா.

முதலாளியின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, காலை இறக்காமலே சொன்னார்:

"இன்னொரு ரவுண்டு தள்ளும்மா."

மூன்று ரவுண்டு தள்ளினார் அக்கா. மூன்றாவதில் எங்கே துடைப்பம் வரும் என்று தெரிந்தும் அவர் அலறினார். இறங்கி, வேட்டையில் வென்றவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்து மேலாளரிடம் போய், "கட்டுங்க" என்றார். கேண்டீன் பெண்கள் தட்டிய தட்டுகளில் இரண்டு நசுங்கிப்போயின. அக்கா அழுதார், அழுதுகொண்டே சிரித்தார், வெட்கமே படவில்லை.

அதன்பின் மூன்று மாதம் போனது. ஒரு நாள் எறும்புப் பாதையின் முதல் சுவர் தோள் உயரத்துக்கு எழும்பிவிட்டது. பார்க்கக் கணவரையும் கூட்டிப் போயிருந்தார் அக்கா. சுவரை விரலால் தட்டினார். உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தார். பிறகு திரும்பி நின்று முதுகு முழுவதையும் அதன்மேல் சாய்த்துக்கொண்டார். பூச்சு ஈரமாக இருக்கிறது, தள்ளி நில்லுங்கள் என்று கொத்தனார் கத்தினார். அக்கா நகரவில்லை. ஒருவழியாக விலகி வந்தபோது முதுகெல்லாம் சாம்பல் நிறச் சிமெண்டு அப்பியிருந்தது. கணவர் அதைத் தட்டிவிடக் கையைக் கொண்டுபோனார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே அலுவலகத்தின் நடுவாக நடந்தார்.